இரும்புத் தூள்

மழை விட்ட வாசலில் சாக்கை விரித்து, பைக்கின் முன்சக்கரத்தின் அருகே ஒருக்களித்துக் கிடக்கிறாள் என் மனைவி. விடிந்தால் பார்சல்களைக் கட்டிக்கொண்டு அவள் இறக்கத்துச் சாலையில் போக வேண்டும். வண்டியிலோ, பிரேக் பிடிக்கையில் சக்கரம் இறுகாமல் காக்கும் ஏபிஎஸ் கோளாறு என்று மஞ்சள் விளக்கு அணையாமல் எரிகிறது. ஈரத்தில் பிரேக் பிடித்தால் சக்கரம் இறுகி வழுக்கும். நேற்று வழுக்கியதற்கு அவள் முழங்கைச் சிராய்ப்பே சாட்சி. நான் படியில் உட்கார்ந்து டார்ச் பிடிக்கிறேன். பகலெல்லாம் பட்டறையில் கம்பி அறுத்த கை தானாகத் தாழ்கிறது. “வெளிச்சத்தச் சக்கரத்துல காட்டு ராசா, தெருவுக்கு எதுக்கு?” என்கிறாள். திருகாணியைக் கழற்றி, சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரை உருவுகிறாள். அதன் காந்த நுனியில் இரும்புத் தூள் தாடிபோல மண்டியிருக்கிறது. “உன் பட்டறைத் தூள்தான்யா இது,” என்று பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கிறாள். “இனிமே பட்டறைய விட்டு வண்டியத் தள்ளி நிறுத்துறேன்,” என்கிறேன். “நீயும்தான் தூளோட வர்ற. உன்ன எங்க நிறுத்த?” எனக்குச் சிரிக்கவும் அலுப்பாக இருக்கிறது. அவள் சென்சாரை மாட்டிச் சாவியைத் திருப்புகிறாள். விளக்கு எரிகிறது. “போகலையே.” “சக்கரம் உருண்டாதான் அணையும்,” என்று ஏறிக் கிளம்புகிறாள். தெருமுனை வரை போன சத்தம் சட்டென்று நிற்கிறது. எழப் பார்க்கிறேன், நாளெல்லாம் நின்று அலுத்த முட்டி கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து உறுமல் திரும்பி வருகிறது. “இறுக்கிப் பிடிச்சேன், வழுக்கல,” என்கிறாள். என்னால் எழ முடியாதென்று அவளுக்குத் தெரியும். இன்ஜினை நிறுத்தாமல் படிவரை வந்து, எனக்குத் தெரியும்படி ஹேண்டில்பாரைத் திருப்புகிறாள். மஞ்சள் எரிந்த இடம் இருட்டாக இருக்கிறது.