எழுத்தில்லாத அட்டை

அந்த இசைத்தட்டின் அட்டையில் ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. முடி வளர்த்த நான்கு வெள்ளைக்காரர்கள் முழங்கால் அளவு கடலில் முதுகு காட்டி நிற்பார்கள், அவ்வளவுதான். கப்பலில் வேலை பார்த்த காலத்தில் இஞ்ஞாசி வாங்கி வந்தது. "பேரு போடாம விக்கதுக்கு ஒரு தைரியம் வேணும்ளா" என்று மகள் டெல்பினிடம் பெருமையாகச் சொல்வார்.

அவர் வள்ளத்தோடு காணாமல்போன வாரத்திலிருந்து அட்டையில் தண்ணீர் ஏறியது. இடுப்புக்கு வந்தது, பிறகு நெஞ்சுக்கு.

தாய்மாமன் பேபி வந்தார். "ஏளா, இனி கடல் திருப்பிக் குடுக்காது. ஞாயித்துக்கிழமை துக்கப் பூசைக்குச் சொல்லிருவமா?"

"உடம்பைக் காட்டுங்க மாமா. பொறவு பூசை வைக்கேன்."

"பங்குச் சாமியார் கேக்காரு."

"அவர்ட்டயும் இதையே சொல்லுங்க."

மாமா போனதும் அட்டையைப் பார்த்தாள். தண்ணீர் கழுத்தில் நின்றது. வள்ளங்களுக்குப் பெயர் எழுதுவதுதான் டெல்பினுக்குப் பிழைப்பு. மிச்சமிருந்த நீலப் பெயிண்டில் நால்வருக்கும் பக்கத்தில் ஒரு வள்ளம் வரைந்து, அதன் முன்முனையான அணியத்தில் அப்பாவின் வள்ளத்துப் பெயரை எழுதினாள். "இப்ப முக்கிப் பாரு" என்று கடலிடம் சொல்லிவிட்டு, அட்டையை மாதா படத்தருகே சாத்தி வைத்தாள்.

காலையில் பேபி பூசைக்கு நேரம் குறித்து வந்தார். டெல்பின் அட்டையை அவர் கையில் கொடுத்தாள்.

நால்வரும் வள்ளத்தில் இருந்தார்கள். முதன்முறையாக அவர்கள் முகம் தெரிந்தது. பின்னால் அப்பா கட்டும் அதே கட்டம் போட்ட சாரத்தோடு ஒருவர் குனிந்து எஞ்சினைப் பிடித்திருந்தார். அணியம் கரையைப் பார்த்திருந்தது.

"பூசை வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க மாமா" என்றாள் டெல்பின். பிறகு ஐந்து பேருக்கு உலை வைக்கப் போனாள்.