யெல்லியின் அசட்டுக் கேள்விகள்

"பாருங்கப்பா, மறுபடியும் கையைத் தூக்கிட்டாங்க!"

தியார்ட் பக்கத்து நாற்காலிக்காரரை முழங்கையால் இடித்தான். வகுப்பில் இருந்த பத்துப் பேரும் முன்வரிசையைப் பார்த்தார்கள். அங்கே யெல்லி கையை உயர்த்தியபடி உட்கார்ந்திருந்தார். அறுபது வயசு அம்மா. பயிற்சியின் இரண்டாம் நாள்தான் வந்து சேர்ந்தார். வந்ததிலிருந்து கேள்விதான்.

"சொல்லுங்க யெல்லி," என்றாள் பயிற்சி தரும் ரோமி.

"பால் கறக்கிற ரோபோ கை மாட்டு மடிக்குக் கீழே தடவிக்கிட்டே இருக்கு, காம்பு கிடைக்கல. நாமளே பிடிச்சுத் தள்ளி மாட்டி விடலாமா?"

"கூடவே டார்ச் அடிச்சும் காட்டுங்க!" என்றான் தியார்ட். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

ரோமி சிரிக்கவில்லை. "தள்ளவே கூடாது. கேமரா கண்ணாடியைத் துடைங்க. மடியில முடி வளர்ந்திருந்தா கத்தரிச்சு விடுங்க."

தியார்ட் சிரித்த வாயை மூடுவதற்குள் அதை நோட்டில் எழுதிக்கொண்டான். சும்மா, கை பரபரத்தது, அவ்வளவுதான்!

ஃப்ரீஸ்லாந்தில் இருபத்து நாலு வருஷமாகப் பால் கறக்கிறவன் அவன். எந்தப் பசு எந்தக் காலால் உதைக்கும் என்பது வரை அத்துப்படி. ஆனால் பண்ணைக்காரர் இப்போது பால் கறக்க ரெண்டு ரோபோ வாங்கிவிட்டார். "வெள்ளிக்கிழமை பரீட்சையில பாஸ் பண்ணினா அது ரெண்டும் உன் பொறுப்பு. இல்லேன்னா நான் வேற ஆள் பார்த்துக்கறேன்," என்று முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டார்.

யெல்லி வருவதற்கு முன்பே, முதல் நாளே மானம் கப்பலேறியிருந்தது. பயிற்சிக் கொட்டகையில், பழக்கதோஷம், "ஹோய்... ஹோய்..." என்று குரல் கொடுத்து அறுபது பசுக்களையும் ரோபோ வாசலுக்கு ஓட்டி வந்துவிட்டான். ரோபோவோ ஒரு நேரத்தில் ஒரு மாட்டைத்தான் கறக்கும். ஒரே தள்ளுமுள்ளு.

"ச்சும்மா சோதிச்சுப் பார்த்தேன்," என்று சமாளித்தான். ஏன் தப்பு என்று மட்டும் கேட்கவில்லை. ரோமிக்கு இருபத்தாறு வயசு. அவளிடம் போய்க் கேட்பதா?

அன்று ஆறு மணிச் சாப்பாட்டில் புரியாததையெல்லாம் சொல்லி மனைவி ஹின்கேயிடம் புலம்பித் தீர்த்தான்.

"அதை அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டா என்ன?" என்றாள் அவள்.

"நானா? செத்தாலும் கேக்க மாட்டேன்!"

ஹின்கே அவன் தட்டில் உருளைக்கிழங்கைத் தள்ளிவிட்டு, கடைச் சாமான் சீட்டு எழுத உட்கார்ந்தாள்.

புதன்கிழமை யெல்லி மறுபடி கையைத் தூக்கினார். "மாடு தானா வரலேன்னா எல்லாத்தையும் ஓட்டிக்கிட்டு வந்துடலாமா?"

எல்லோருக்கும் முந்திச் சிரித்தது தியார்ட்தான். தன் பக்கம் யாரும் திரும்பிவிடக் கூடாதே!

"கறக்கற நேரம் தாண்டின மாடுங்க பட்டியல் திரையில வரும். அதுங்களை மட்டும் கூட்டிட்டு வாங்க," என்றாள் ரோமி. "எல்லாத்தையும் ஓட்டினீங்கன்னா, அப்புறம் நீங்க வந்து கூப்பிட்டாத்தான் அசையும்."

தியார்ட் எழுதி, அடியில் ரெண்டு கோடும் போட்டான்.

காபி நேரத்தில் பிஸ்கட் டப்பா வந்தது. ஆளுக்கு ஒன்று எடுத்ததும் டப்பாவை மூடினார்கள்.

"யெல்லி, நீங்க பேசாம கோழி வளர்க்கலாம்," என்றான்.

"கோழிக்கும் மெஷின் வந்துடுச்சாமே தியார்ட்," என்று அவர் தன் பிஸ்கட்டைக் கடித்தார்.

வெள்ளிக்கிழமை. இருபதுக்குப் பதினேழு! தியார்ட் சான்றிதழை வாங்கி ரெண்டு தடவை படித்துப் பார்த்தான். வேலை தப்பித்தது. பத்துப் பேரையும் கூப்பிட்டார்கள். யெல்லியின் பெயர் மட்டும் வரவில்லை. அவர் முன்வரிசையிலிருந்தே கைதட்டிவிட்டு எழுந்து போனார்.

"பாவம், கேட்டுக் கேட்டும் ஃபெயிலா!" என்றான் தியார்ட் சத்தமாக.

"யாரு, யெல்லியா? அவங்க பரீட்சையே எழுதலையே," என்றாள் ரோமி. "எட்டு வருஷமா ரோபோ வெச்சிருக்காங்க. நானே அவங்க பண்ணையிலதான் கத்துக்கிட்டேன். சும்மா வந்து உட்காரணும்னாங்க, சரின்னேன்."

தியார்ட் வெளியே ஓடினான். யெல்லி சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு எதுக்கு இப்படிக் கேள்வி கேட்டீங்க?"

"உன் பொண்டாட்டியும் நானும் ஒரே பாட்டுக் குழு. நீதான் ஒரு தடவைகூட எங்க பாட்டைக் கேக்க வந்ததில்லையே," என்றபடி கோட்டுப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இந்தா. போற வழியில முட்டையை மறந்துடாதே."

வெண்ணெய், முட்டை, சோப்பு. ஹின்கேயின் கையெழுத்து.

திருப்பினான். பின்பக்கம் ஏழு கேள்விகள். ஒவ்வொன்றும் முதல் நாள் சாப்பாட்டில் அவன் புலம்பியது, வார்த்தை மாறாமல்.

அடியில் ஒரு வரி: "அவன் சிரிப்பான், கண்டுக்காதீங்க. நோட்டுல எழுதறானான்னு மட்டும் பார்த்துக்கோங்க."