பத்து விரலும் சாட்சி

தோல் டாக்டரின் மேசைமேல் கணக்கு வாத்தியார் பத்து விரல்களையும் விரித்து வைத்தார். முதல் மார்க் வாங்கிய பையன் விடைத்தாளை நீட்டுவதுபோல் முகத்தில் ஒரு பெருமிதம்.

"பாருங்க டாக்டர். சிவந்து, தடிச்சு, நுனியெல்லாம் வெடிச்சுப்போச்சு. அரிப்பு தாங்கலை!"

அரிப்பு தாங்காத மனிதர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து டாக்டரம்மா பார்த்ததில்லை.

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி, இரண்டு கைகளிலும் வெள்ளைப் பருத்தி உறை மாட்டிக்கொண்டு, அடக்கமாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கையில் இதே தொல்லைதான். பாத்திரம் தேய்க்கிற சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்ச நாளைக்கு அதைத் தொட வேண்டாம் என்று வீட்டுப் பக்கத்து டாக்டர் ஒருமுறை சொல்லப்போக, பாத்திரம் மொத்தமும் வாத்தியார் தலையில் விழுந்தது. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடிந்தபாடில்லை.

இப்போது அவருக்கும் வந்துவிட்டது. சோப்புதான் காரணம் என்று டாக்டரம்மா ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், விடுதலை. அதற்காகத்தான், எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க டாக்டரம்மா ஒட்டிவிட்ட பரிசோதனை ஒட்டுகளை முதுகு நிறையச் சுமந்துகொண்டு, குளிக்காமல், குப்புறப் படுத்துத் தூங்கினார். இன்று முடிவு சொல்லும் நாள்.

"சாக்பீஸா இருக்குமோன்னு ஒரு சந்தேகம் எனக்கு," என்றார் டாக்டரம்மா.

"சாக்பீஸ் சாது டாக்டர், அது ஒண்ணும் பண்ணாது. இவ சோப்பைத் தொட்டா, இவ கை சிவந்துச்சு. இப்ப நான் தொடறேன், என் கை சிவக்குது. ஆகவே சோப்பு. நிரூபிச்சாச்சு!"

"கையுறை போட்டுக்கறீங்களா?"

"பின்னே? உள்ளே பருத்தி, மேலே ரப்பர், முழங்கை வரைக்கும். ஒரு சொட்டு உள்ளே போகாது." சொல்லி முடித்த பிறகுதான் தன் நிரூபணத்தில் தானே ஓட்டை போட்டது அவருக்கு உறைத்தது. "ஆனா ஆவி வருதில்ல டாக்டர்... ஆவி!"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"ராத்திரி இவ கைக்குக் களிம்பு தடவறப்பதான் வெறுங்கை," என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார் வாத்தியார். "கட்டின பொண்டாட்டிக்கு உறை மாட்டிக்கிட்டா தடவ முடியும்?"

"இவர் தடவினாத்தான் எனக்குத் தூக்கமே வரும் டாக்டர்," என்றாள் மனைவி.

"உங்க கையையும் ஒரு தடவை பார்த்துடலாமாம்மா?"

"எனக்கென்ன அவசரம்? முதல்ல இவரைப் பாருங்க. பாவம், ஆவியில வெந்து போயிருக்கார்."

வாத்தியார் சட்டையைக் கழற்றித் திரும்பி உட்கார்ந்தார். டாக்டரம்மா முதுகில் ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துப் பார்த்தார்.

"உங்க வீட்டுச் சோப்பு... ஒண்ணுமில்லை."

"சரியாப் பாருங்க டாக்டர்!"

"ரப்பர், இல்லை. சாக்பீஸ், இல்லை. நீங்க கொண்டுவந்த களிம்பு, அதுவும் இல்லை." ஒவ்வொரு 'இல்லை'க்கும் வாத்தியாரின் தோள் ஒரு அங்குலம் இறங்கியது. விரல் ஓரிடத்தில் நின்றது. "இது மட்டும் நல்லாத் தடிச்சிருக்கு."

"அதான் அதான்! என்ன அது, பாத்திரம் தேய்க்கற நாரா?"

"லிப்ஸ்டிக்ல சேர்க்கற ஒரு பொருள்."

"லிப்ஸ்டிக்கா? எங்க வீட்டுல அந்தப் பேச்சே கிடையாதே டாக்டர்! இவ உதட்டுல ஒருநாள்கூடப் பூசினதில்லை. வேணும்னா கேட்டுப் பாருங்க!"

யாரும் எதுவும் கேட்கவில்லை. டாக்டரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார், பிறகு அவருடைய பத்து விரல்களையும் பார்த்தார்.

"இதுக்கு மருந்து பாதிதான் சார். ஒத்துக்காததைத் தொடாம இருக்கறதுதான் மீதி."

"நான் யாரையும் தொடலை டாக்டர்!"

"நான் பொருளைச் சொன்னேன்."

வாத்தியார் சட்டையை மாட்டினார். பொத்தான் ஒவ்வொன்றும் தப்பான துளையில் நுழைந்தது. டாக்டரம்மா களிம்பின் பெயரை எழுதினார். சொறியக் கூடாது, கை கழுவினால் ஈரம் காயும் முன்பே ஈரப்பசைக்கான கிரீம் போட வேண்டும் என்றார். "சோப்புக்கும் உங்களுக்கும் ஒரு பகையும் இல்லை. பாத்திரம் தாராளமாத் தேய்க்கலாம்."

பாத்திரம் இப்போது யாருக்கு வேண்டும்? குடும்பமே கவிழ்கிற மாதிரி இருந்தது. வெளியே வந்ததும் வராததுமாக வாத்தியார் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"சத்தியமா சொல்றேன், பள்ளிக்கூடத்துல மூலையில தனியாத்தான் உட்காருவேன். நீ நம்பறேல்ல? அம்மா வீடு அது இதுன்னு கிளம்பிடாதே."

அவள் கையுறையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நான் எதுவும் கேட்கப் போறதில்லைங்க. மன்னிச்சுட்டேன்," என்றாள். "ஆனா மனசு சரியில்லை. இனிமே துணியையும் நீங்களே துவைச்சிடுங்க."

"துவைக்கறேம்மா. இஸ்திரியும் போட்டுடறேன்," என்றார் வாத்தியார். இவ்வளவோடு விட்டாளே என்று அவருக்கு ஒரே நன்றி.

அவர் மருந்துக்கடை வரிசையில் போய் நின்றார். அவள் வாசல் பக்கம் ஒதுங்கி, பருத்தி உறையைக் கழற்றிவிட்டு, தங்கைக்குப் போன் போட்டாள்.

"அடியே, நான் கை சிவக்கறதுக்குப் பூசிக்கற லிப்ஸ்டிக் உங்க அத்தானுக்கு ஒத்துக்கலையாம், வேற கம்பெனி பார்த்து வாங்கிட்டு வா!"