பாத்திர ரேக்

விடிந்தால் சாப்பாட்டுக் கடைத் திறப்பு. சமையலறையில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக்கிய அடுப்பு, மூடி போட்ட குப்பைத்தொட்டி, சோப்போடு தயாராக இருக்கும் கைகழுவுமிடம் எல்லாம் சுகாதார ஆய்வாளரின் பார்வைக்காகக் காத்திருக்கின்றன. அவரோ எதையும் பார்க்கவில்லை. பையிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு நேராக மூலைக்குப் போய், பாத்திரம் அடுக்கிய இரும்பு ரேக்கின் முன்னால் நிற்கிறார்.

"இதைக் கொஞ்சம் நகர்த்துங்கம்மா."

கடைக்காரி ரேக்கின் பக்கத்தில் வந்து நிற்கிறாள். ரேக்குக்குப் பின்னால், சாக்கடைக் குழாயைச் சுற்றி எலி நுழைகிற அளவுக்கு ஓட்டை. கொத்தனார் கைவிரித்துவிட்டதால், நேற்று சாயங்காலம் காதும் காதும் வைத்த மாதிரி ரேக்கை இழுத்து அதை மறைத்தது அவளும் அவள் தம்பியும்தான். வேறு யாருக்கும் தெரியாது.

"ரொம்ப கனம் சார்."

"பரவாயில்ல. மெதுவா நகர்த்துங்க."

சுவரில் சாய்த்திருக்கும் பெயர்ப்பலகையில் ஜன்னல் வெயில் விழுகிறது. அதில் அவள் பெயர் மட்டும் இருக்கிறது. "என் பேரு எங்கக்கா?" என்று தம்பி கேட்டபோது, அடுத்த பலகையில் போடலாம் என்று சிரித்து மழுப்பியிருந்தாள்.

ரேக்கின் ஒரு முனையை அவள் பிடிக்கிறாள். இரும்பு விளிம்பு, நேற்றுக் கிழித்த அதே இடத்தில் உள்ளங்கையை அறுக்கிறது. தம்பியைக் கூப்பிடத் திரும்புகிறாள். அவன் ஏற்கெனவே மறுமுனையில் நிற்கிறான். இரண்டு கையிலும் தடிமனாகத் துணி சுற்றியிருக்கிறான்.

"தூக்குக்கா," என்கிறான், ரேக்கைப் பார்த்தபடி.