பட்டாளத்து டாக்டர்

இடுப்பொடிந்து படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பா காலையிலிருந்தே முனகிக்கொண்டிருந்தார். "நான் பாத்துக்கிடுதேன், நீ வெளிய நில்லு மக்களே," என்று ஷைஜாவிடம் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுத் தங்கையன் மாமா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

சற்று நேரத்தில் குளச்சலிலிருந்து மாமாவின் பழைய பட்டாளத்துக் கூட்டாளி அவரைத் தேடி வந்தார்.

"தங்கையன் டாக்டர் இங்கயா இருக்காரு?"

"மாமா டாக்டரில்லியே."

"பட்டாளத்துல நாங்க வச்ச பேராக்கும்."

உள்ளே முனகல் அடங்கியது.

"நல்ல கைராசிதான்," என்றாள் ஷைஜா நிம்மதியாக. "அங்க ஊசி போடுவாரா?"

"ஊசியா?" கூட்டாளி சிரித்தார். "மலையில சுமை கொண்டுபோற கோவேறு கழுதை காலொடிஞ்சு விழுந்தா, 'டாக்டரக் கூப்பிடு'ன்னு சொல்லுவோம். வேதனைப்பட விடமாட்டாரு. ஒரே குண்டு."

ஷைஜா ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.