வியாழக்கிழமை டூட்டி

“பேரன் எடுக்கிற வயசுல ப்ளஸ் டூ பரிட்சையாம். நாளைக்கு ரெட்டை ஜடை போட்டுகினு வந்து நின்னாலும் நிக்கும்.”

திரைக்கு அந்தப் பக்கம் சாராள் சொல்வதும், புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பிரதீபா களுக்கென்று சிரிப்பதும் அம்சாவின் காதில் தெளிவாக விழுந்தன.

யாரைச் சொல்கிறார்கள் என்று கேட்கவே வேண்டாம். செங்கல்பட்டில் இருந்த அந்தச் சின்ன நர்சிங் ஹோமில் ப்ளஸ் டூ எழுதப் போகிறவள் அவள் ஒருத்திதான்.

அம்சா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். பிரதீபா அவசர அவசரமாகக் கட்டுத்துணி மடிக்க ஆரம்பித்தாள்.

“சிரிம்மா. சிரிக்கிறதுக்கு இன்னா, காசா பணமா” என்றாள் அம்சா.

பத்தாவது முடித்த கையோடு நர்சிங் டிப்ளமோ படித்து, கவுன்சிலில் பதிவும் செய்தவள் அவள். அந்தக் காலத்தில் பத்தாவதே போதும். டிகிரியும் முடித்துவிட்டால் நர்சிங் ஸ்கூலில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகலாம் என்று, மாமல்லபுரம் ரோட்டில் உள்ள ஒரு காலேஜுக்குப் போய் விசாரித்தாள்.

ஆபீஸில் இருந்தவர் சர்டிபிகேட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதிவு இருந்தது. அனுபவம் வேண்டிய மட்டும் இருந்தது.

“ப்ளஸ் டூ இல்லையேம்மா.”

“இத்தினி வருஷமா பிரசவம் பாக்கறேன் சார்.”

“நல்லா பாருங்க, யாரு வாணான்னது? ஆனா டிகிரின்னா ப்ளஸ் டூ வேணும், எந்த க்ரூப்பா இருந்தாலும் சரி. அதோட நாப்பத்தஞ்சு வயசு தாண்டிட்டா சேத்துக்க மாட்டோம்.”

அம்சாவுக்கு நாற்பத்து நான்கு நடந்துகொண்டிருந்தது. வரப்போகிற சேர்க்கைதான் கடைசி. அன்றைக்கே தனித்தேர்வராகப் பணம் கட்டினாள். ஊசி போட்டுக்கொண்டிருந்தவள் வரலாறும் வணிகவியலும் படிக்க ஆரம்பித்தாள்.

பரீட்சை தேதியும் வந்தது. இனி அதற்குத் தோதான டூட்டிதான் கிடைக்க வேண்டும்.

டூட்டி போடுகிறவள் சாராள். அம்சாவோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவள்தான். வார்டு இன்சார்ஜ் ஆன நாளிலிருந்து அவளை ‘சிஸ்டர்’ போட்டுக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது.

“சிஸ்டர், வியாழக்கிழமை காலையில எனக்கு மொத பரிட்சை. சாயங்கால டூட்டி போட்டுக் குடுங்க.”

“வியாழக்கிழமையா? அன்னிக்கு நானே லீவு. கடப்பாக்கத்துல தங்கச்சி வூட்டு விசேஷம். நீயும் இல்லன்னா வார்டை யாரு பாக்கறது, வாட்ச்மேனா?”

“அரை நாள்தானே சிஸ்டர்.”

“ஆவாது.” சாராள் டூட்டி நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். “ஆமா, எந்த ஸ்கூல்ல போட்டுருக்காங்க உனக்கு?”

“ராட்டினங்கிணறு பக்கம், பசங்க படிக்கிற ஸ்கூலு.”

சாராளின் பேனா நின்றது.

“இன்னாத்துக்கு அம்சா இந்தப் பேஜாரு? செப்டம்பர்ல மறுபடியும் வைப்பாங்க. அப்ப எழுதிக்கோ, நானே லீவு தர்றேன்.”

“செப்டம்பர்ல எழுதினா, ரிசல்ட் வர்றதுக்குள்ள சேர்க்கையே முடிஞ்சிடும். அப்புறம் எனக்கு வயசு தாண்டிடும்.”

“அதுக்கு நான் இன்னா பண்ண?”

அம்சா நின்ற இடத்திலேயே நின்றாள்.

“அப்ப புதன்கிழமை எனக்கு நைட் போடுங்க. காலையில டூட்டியை ஒப்படைச்சிட்டு அங்கேந்து அப்படியே பரிட்சைக்குப் போயிடறேன்.”

“ராத்திரி பூரா முழிச்சிகினு இருந்துட்டு போய் இன்னா எழுதுவ? பேப்பர் மேலயே தூங்கி விழுவ.”

“விழுந்தா விழறேன். போடுங்க.”

சாராளுக்கு வேறு வழி இருக்கவில்லை. போட்டாள்.

வியாழன் காலையில், பொறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டிய பிரதீபா தாமதமாக வந்தாள். “பஸ்ஸு கெடைக்கல சிஸ்டர்” என்றவளைத் திட்டக்கூட அம்சாவுக்கு நேரமில்லை. ஒவ்வொரு கட்டிலாக நின்று, யாருக்கு எந்த மருந்து என்று சொல்லி ஒப்படைத்தாள். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, புடவையை மாற்றிக்கொண்டு ஓடினாள்.

தேர்வு அறைக்குள் அவள் நுழைந்ததும் பையன்கள் எழுந்து நின்றார்கள்.

“குட்மார்னிங் மிஸ்.”

அவள் தன் எண்ணைத் தேடிப் போய் உட்கார்ந்ததும், பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “டேய், ஒக்காருங்கடா. இதுவும் நம்ம செட்டுதான்.”

அம்சாவுக்கே சிரிப்பு வந்தது. தூக்கம் கொஞ்சம் கலைந்த மாதிரியும் இருந்தது.

அப்போதுதான் வாசலைப் பார்த்தாள். சாராள் நின்றுகொண்டிருந்தாள்.

அம்சாவுக்குத் திக்கென்றது. வார்டில் ஏதோ ஆகிவிட்டது. விசேஷத்துக்குக் கிளம்பியவளை டாக்டர் பாதி வழியில் திருப்பியிருக்க வேண்டும். கையோடு அழைத்துப் போக இங்கேயே வந்துவிட்டாள்.

சாராளின் கண்கள் வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு வந்து, அம்சாவைக் கண்டதும் அப்படியே நின்றன.

அம்சா எழுந்தாள்.

“நான் வர மாட்டேன் சிஸ்டர். எந்த எமர்ஜென்சியா இருந்தாலும் எழுதி முடிச்சிட்டுத்தான் வருவேன். வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி.”

தேர்வுக் கண்காணிப்பாளர் வாசல் பக்கம் திரும்பினார்.

“யாரும்மா நீங்க? வெளியாளுங்க உள்ள வரக்கூடாது.”

சாராள் குனிந்த தலையோடு வரிசைக்குள் நடந்து வந்தாள். பெஞ்சுகளில் சாக்பீஸால் எழுதியிருந்த எண்களைப் பார்த்துக்கொண்டே வந்து, அம்சாவுக்கு முன்னால் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்து, கைக்குட்டைக்குள் நாலாக மடித்து வைத்திருந்த தன் ஹால் டிக்கெட்டை எடுத்துப் பிரித்தாள்.