அடியிலிருந்து ஏறும் சூடு

காலை வெயில் சாய்ந்து விழும் பாறைவெளியில் லாரி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருக்கிறது. முன்பு போட்ட இரண்டு துளைகளும் கையை விரித்துவிட்டன. இந்த மூன்றாவதும் பொய்த்தால் துளை போடுகிறவர் தளவாடங்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். ஊர் மருத்துவமனைக்குப் பூமிச் சூட்டில் வெந்நீர் கொடுக்கும் திட்டமும் அதோடு போய்விடும். நிலவியல்காரி துளையோரம் மண்டியிட்டிருக்கிறாள். இதிலிருந்து வெட்டியெடுத்த பாறைத் துண்டுகள் சூட்டை எவ்வளவு தாராளமாகக் கடத்தும் என்று ஏற்கெனவே அளந்துவிட்டாள். இனி ஆழம் போகப் போகச் சூடு எவ்வளவு ஏறுகிறது என்றுதான் தெரியவேண்டும். அவள் தங்கை உருளையைச் சுற்ற, வெப்பமானி கட்டிய கம்பி இருட்டுக்குள் வழுக்கி இறங்குகிறது. “பூமிக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாத்துச் சொல்லுக்கா” என்கிறாள் தங்கை. “வாயை மூடிட்டு மெதுவா விடு. உள்ள தண்ணி கலங்கினா எண் ஏமாத்திடும்.” கம்பியில் சம தூரத்தில் இட்ட சிவப்புக் குறி வரும்போதெல்லாம் நிறுத்துகிறார்கள். அக்காவின் கையிலுள்ள சிறு திரையில் எண்கள் தத்தளித்து நிலைகொள்கின்றன. முதலில் பெரிய மாற்றமில்லை. அடுத்த குறியில் ஏறுகிறது. அதற்கடுத்ததிலும் அதே அளவு ஏறுகிறது. இது மேல்மண்ணைச் சுட்ட வெயில் இல்லை. பாறை வழியே ஓயாமல் மேலேறி வரும் சூடு. “இன்னும் விடு.” உருளை கிறீச்சிடுகிறது. அக்கா எண்ணை உரக்கப் படிக்கிறாள். குரல் அவளுடையதாகவே இல்லை. லாரியின் உறுமல் சட்டென்று அடங்குகிறது. துளை போடுகிறவர் ஜன்னல் வழியே தலையை நீட்டுகிறார். “என்னம்மா சொன்னீங்க? இன்னொரு தடவை படிங்க.”